இறந்தவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தடய மருத்துவம் சொல்லிக்கொடுக்கிறவன் என்று தெரிந்தாலே போதும், எந்தக் கூட்டத்திலும் இந்தக் கேள்விகள் வந்துவிடும். சிலர் தொலைக்காட்சித் தொடரில் பார்த்ததை வைத்துக் கேட்கிறார்கள். சிலர் தங்கள் வீட்டில் ஒருவர் காணாமல் போயிருப்பதால் கேட்கிறார்கள், அவர்கள் பெரும்பாலும் எல்லோரும் கிளம்பிய பிறகுதான் வந்து மெதுவாகக் கேட்பார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதைத் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன்.

முகத்தைப் பார்த்தாலே சொந்தக்காரங்களுக்குத் தெரியாதா? எதுக்கு இவ்வளவு சோதனை?

இறந்து சில மணி நேரமே ஆன, காயமில்லாத முகமாக இருந்தால் பெரும்பாலும் தெரியும். ஆனால் வெப்பத்தில் இரண்டு நாள் கிடந்தாலே முகம் வீங்கி, நிறம் மாறி, தோல் உரியத் தொடங்கிவிடும். மூக்கும் உதடும் கண்ணும்தான் நாம் ஒருவரை அடையாளம் காண நம்பியிருக்கிற பகுதிகள், முதலில் மாறுவதும் அவைதான். அதோடு, பார்க்க வருகிறவரின் மனநிலையையும் யோசித்துப் பாருங்கள். ஒரு வாரமாகச் சாப்பிடாமல் தூங்காமல் தேடி அலைந்தவர், வரிசையாகக் கிடத்தியிருக்கும் உடல்களுக்கு நடுவே நிற்கிறார். சிலருக்குத் தேடல் முடிந்தால் போதும் என்று இருக்கும், பக்கத்தில் கிடப்பது தன் பிள்ளைதான் என்று தோன்றிவிடும். சிலர் தன் பிள்ளையே எதிரில் இருந்தாலும் இல்லை என்று மறுத்துவிடுவார்கள். இரண்டிலுமே அவர்கள் மேல் தப்பில்லை.

2002-ல் பாலித் தீவில் நடந்த குண்டுவெடிப்பில் 202 பேர் இறந்தார்கள். அங்கே கண்ணால் பார்த்து அடையாளம் சொன்ன உடல்களில் சில, பிறகு முறையாகச் சோதித்தபோது வேறொருவருடையவை என்று தெரிந்தது. ஒரு உடல் தவறாகக் கொடுக்கப்பட்டால் பாதிக்கப்படுவது இரண்டு குடும்பங்கள். ஒரு வீடு யாரோ ஒருவரை அடக்கம் செய்கிறது, இன்னொரு வீடு ஏற்கெனவே அடக்கமாகிவிட்ட ஒருவரைக் காலமெல்லாம் தேடிக்கொண்டிருக்கிறது. உடல் சிதைந்திருந்தாலோ பலர் ஒன்றாக இறந்திருந்தாலோ, முகத்தை மட்டும் பார்த்து உடலைக் கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அப்போ எதை வச்சுதான் உறுதியா சொல்லுவாங்க?

பேரிடர்களில் இறந்தோரை அடையாளம் காண, சர்வதேசக் காவல் அமைப்பான இன்டர்போல் வகுத்த வழிகாட்டியைத்தான் பல நாடுகள் பின்பற்றுகின்றன. அதில் முதன்மை அடையாளங்கள் மூன்று: கைரேகை, பல், டிஎன்ஏ. இந்த மூன்றில் ஒன்று சரியாகப் பொருந்தினாலே பொதுவாகப் போதும். தழும்பு, மச்சம், பச்சை குத்தியது, பழைய அறுவைச் சிகிச்சை, உடை, நகை எல்லாம் இரண்டாம் நிலை. அவை முதன்மை அடையாளத்துக்குத் துணை நிற்கும், தனியாக நின்றால் பெரும்பாலும் போதாது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கீழே வரும் பதில்கள் எல்லாமே இதில்தான் வந்து நிற்கும். அடையாளம் காண்பது என்றால் ஒப்பிடுவது. உடலில் கிடைத்த தகவல் ஒரு பக்கம், அவர் உயிரோடு இருந்தபோது பதிவான தகவல் இன்னொரு பக்கம். இன்டர்போல் படிவங்களிலும் இறந்தவரின் உடலைப் பற்றி எழுத இளஞ்சிவப்பு, காணாமல் போனவரைப் பற்றி வீட்டாரிடம் கேட்டு எழுத மஞ்சள் என்று தனித்தனி நிறம் இருக்கிறது. இளஞ்சிவப்புப் படிவம் எவ்வளவு கச்சிதமாக நிரம்பியிருந்தாலும் அதற்கு ஒரு மஞ்சள் துணை இல்லையென்றால் பெயர் கிடைக்காது. ஆய்வகத்தில் எவ்வளவு வேலை நடக்கிறதோ அதே அளவு வேலை உயிரோடு இருப்பவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுவதிலும் இருக்கிறது.

சட்டைப் பையில அடையாள அட்டை இருந்துச்சே, அது போதாதா?

போதாது. நண்பனின் சட்டையைப் போட்டுக்கொண்டு போனவர்கள், அடுத்தவர் பையைக் கையில் வைத்திருந்தவர்கள் எல்லாம் இருக்கிறார்கள். விபத்தில் பொருட்கள் சிதறி வேறொருவர் மேல் போய் விழும். உடலை எடுக்கிறவர்களே பக்கத்தில் கிடந்த பையை நல்லெண்ணத்தில் அதே உறைக்குள் போட்டுவிடுவதும் நடக்கும். அட்டை கிடைத்தால் எந்த வீட்டுக் கதவை முதலில் தட்டுவது என்று தெரியும், அந்த அளவில் அது பெரிய உதவிதான்.

எலும்பு மட்டும்தான் கிடைச்சிருக்கு. அது மனுஷ எலும்புதானான்னு எப்படித் தெரியும்?

முழு எலும்பாக இருந்தால் பழகிய கண்ணுக்குச் சில நொடி போதும். குழப்புகிறவையும் உண்டு. நகம் இல்லாத கரடிப் பாதத்தின் எலும்புகள் மனிதக் கை கால் எலும்புகளைப் போலவே இருப்பதால், காவல்துறை பதறிப்போய் எடுத்துவந்த கதைகள் பாடப்புத்தகங்களிலேயே இருக்கின்றன. சிறு துண்டாக இருந்தால் மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். மாடு போன்ற பெரிய விலங்குகளின் எலும்பில் செங்கல் அடுக்கியது மாதிரியான ஓர் அமைப்பு தென்படும், வளர்ந்த மனித எலும்பில் பொதுவாக வட்ட வட்டமான அமைப்புதான் இருக்கும். அதிலும் தெளியவில்லை என்றால் புரதத்தையோ டிஎன்ஏவையோ சோதிக்க வேண்டியதுதான்.

ஆணா பெண்ணா, வயசு என்ன, உயரம் என்னன்னு எலும்பே சொல்லிடுமாமே?

சொல்லும், ஆனால் எவ்வளவு உறுதியாகச் சொல்லும் என்பதுதான் முக்கியம். ஆணா பெண்ணா என்று பார்க்க இடுப்பெலும்புதான் சிறந்தது, பிரசவத்துக்கு ஏற்றபடி பெண்ணின் இடுப்பு அகன்று இருப்பதே காரணம். முழு இடுப்பெலும்பும் கிடைத்தால் அனுபவமுள்ளவர் 100-ல் 90-க்கு மேல் சரியாகச் சொல்லிவிடுவார். மண்டை ஓட்டை மட்டும் வைத்துச் சொன்னால் அந்த உறுதி குறையும். பருவமடையாத குழந்தையாக இருந்தால் எலும்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று நம்பிச் சொல்ல முடியாது, டிஎன்ஏதான் வழி.

வயது விஷயத்தில் இது தலைகீழ். குழந்தை என்றால் மிக நெருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் பற்கள் ஒரு கால அட்டவணைப்படி உருவாகி முளைக்கின்றன. இளைஞர்களில் எலும்பு முனைகள் தண்டோடு ஒட்டுவதைப் பார்ப்போம். கடைசியாக ஒட்டுபவற்றில் ஒன்று, கழுத்துக்குக் கீழே மார்பையும் தோளையும் இணைக்கும் காறை எலும்பின் மார்புப் பக்க முனை, அது முழுதாக ஒட்டி முடிய 30 வயதை நெருங்கிவிடும். அதற்குப் பிறகு வளர்ச்சி முடிந்து தேய்மானம்தான், ஒவ்வொருவர் வாழ்க்கையும் ஒவ்வொரு விதமாகத் தேய்க்கிறது. நடுவயதுக்காரரை “35 முதல் 50” என்று எழுதினால் சோம்பலில் எழுதியதாக நினைக்காதீர்கள், அதுதான் நேர்மையான பதில். “43 வயது” என்று ஒற்றை எண்ணை எழுதுகிறவரைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

உயரத்தைத் தொடை எலும்பின் நீளத்திலிருந்து கணக்கிடுவார்கள். அதற்கான சூத்திரங்கள் குறிப்பிட்ட மக்கள் கூட்டத்தை அளந்து உருவாக்கப்பட்டவை, வேறு கூட்டத்துக்கு அப்படியே போட்டால் பிசகும். சரியான சூத்திரத்திலும் சில சென்டிமீட்டர் முன்னே பின்னே இருக்கும். வீட்டார் சொல்லும் உயரமும் பெரும்பாலும் தோராயம்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக எலும்பு செய்வது வடிகட்டுவது. காணாமல் போன ஆயிரம் பேரில் இவராக இருக்க வாய்ப்புள்ளவர்களை ஐம்பதாகச் சுருக்கும், பெயரைச் சொல்வது அந்த மூன்று முதன்மை அடையாளங்களின் வேலை. எலும்பிலேயே தனித்தன்மை இருக்கும் இடங்களும் உண்டு. நெற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறையின் ஓரம் ஆளுக்கு ஆள் வேறுபடும், எப்போதோ சைனஸ் தொந்தரவுக்காக எடுத்த எக்ஸ்ரே ஒன்று இருந்துவிட்டால் அதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

பல் டாக்டர்கிட்ட போன ரெக்கார்டை எதுக்குக் கேக்குறாங்க?

உடலிலேயே கடினமான பொருள் பல்லின் எனாமல். தண்ணீர், மண், காலம், ஓரளவு நெருப்பு எல்லாவற்றையும் தாங்கும். அப்புறம், பல் வைத்தியம் செய்கிற ஒவ்வொரு வேலையும் ஒரு கையெழுத்து மாதிரி. எந்தப் பல்லில் அடைத்திருக்கிறது, எந்தப் பக்கத்தில், வேர் சிகிச்சை செய்தார்களா, எது பிடுங்கப்பட்டது, எது சாய்ந்து வளர்ந்திருக்கிறது என்று சேர்த்துப் பார்த்தால் அதே அமைப்பு இன்னொருவருக்கு இருக்க வாய்ப்பு மிகமிகக் குறைவு. எக்ஸ்ரே இருந்தால் இன்னும் நல்லது, அடைப்பின் ஓர வடிவம்வரை பொருத்திப் பார்க்கலாம், விடை சில நிமிடத்தில் கிடைத்துவிடும். 1897-ல் பாரிசில் ஒரு தர்மக் கண்காட்சி தீப்பிடித்து 100-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, கருகிய உடல்களில் பலவற்றைப் பல் மருத்துவர்களை வரவழைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு தாய்லாந்தில் இறந்த வெளிநாட்டவர்களில் ஏராளமானோர் அடையாளம் காணப்பட்டதும் பல் பதிவுகளால்தான்.

ஒரு தடவைகூடப் பல் மருத்துவரிடம் போகாதவர் என்றால்? வாய் திறந்து சிரிக்கிற புகைப்படம் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். முன்பற்களின் இடைவெளி, வளைவு, உடைந்த முனை எல்லாம் அதில் தெரியும். கைபேசி வந்தபிறகு இது ரொம்பவே பயன்படுகிறது. அசல் கோப்பாகக் கொடுங்கள், செயலிகளில் அனுப்பும்போது படத்தின் தெளிவு குறைந்துவிடும். முகத்தை அழகாக்கும் வசதியில் மாற்றிய படம் உதவாது.

அழுகிப் போன உடம்புல கைரேகை எப்படி எடுப்பாங்க?

நினைப்பதைவிட அதிக நாள் தாங்கும் அது. ரேகை தாயின் வயிற்றிலேயே அமைந்துவிடுகிறது, தோலின் ஆழத்திலும் அதே வரி இருக்கிறது. தண்ணீரில் ஊறிய கையில் மேல்தோல் முழுதும் கையுறை மாதிரி கழன்று வரும். பரிசோதகர் தன் கையுறையின் மேல் அந்தத் தோலை மாட்டிக்கொண்டு, அதை வைத்தே ரேகை பதிவார். கேட்கச் சங்கடமாக இருக்கலாம், ஆனால் இப்படி எத்தனையோ பேர் வீடு திரும்பியிருக்கிறார்கள். மேல்தோல் போய்விட்டிருந்தால் அடியில் இருக்கும் தோலிலிருந்து எடுப்பார்கள். வறண்டு சுருங்கிய விரலை ரசாயனக் கரைசலில் ஊறவைத்து மெதுவாகப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள்.

எதோடு ஒப்பிடுவது என்பதுதான் சிக்கல். அரசிடமோ காவல்துறையிடமோ பதிவு இருக்கலாம், அதைத் தேட அனுமதி உண்டா என்பது அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. பதிவே இல்லை என்றால் அவர் மட்டும் பயன்படுத்திய கண்ணாடிக் குவளை, புத்தகம், வாசனைத் திரவியப் புட்டி போன்றவற்றிலிருந்து ரேகை எடுக்கலாம். அதனால்தான் காணாமல் போனவரின் அறையை அவசரமாகத் துடைத்துப் பெருக்கி வைக்காதீர்கள் என்கிறோம்.

டிஎன்ஏ இருக்கும்போது மத்ததெல்லாம் எதுக்கு? நேரா அதையே எடுத்துட வேண்டியதுதானே?

பல் பொருந்திவிட்டால் அன்றைக்கே உடலைக் கொடுக்கலாம், ரேகையும் அப்படித்தான். பழைய எலும்பிலிருந்து டிஎன்ஏ எடுப்பது மெதுவான வேலை. எலும்பின் மேல்பரப்பைச் சுரண்டி நீக்கி, பொடியாக்கி, சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து, உள்ளே மிஞ்சியிருக்கும் உடைந்த இழைகளைப் பிரித்தெடுக்க வேண்டும். தொடை எலும்பு, பல், காதின் உள்பகுதியைச் சூழ்ந்திருக்கும் கெட்டியான எலும்பு ஆகியவற்றில் கிடைக்க வாய்ப்பு அதிகம். வெப்பமும் ஈரமும் அமில மண்ணும் டிஎன்ஏவைத் துண்டு துண்டாக்கிவிடும். தொட்டவரின் டிஎன்ஏ மாதிரியில் கலந்துவிடும் அபாயமும் இருப்பதால் ஆய்வகத்தில் வேலை செய்கிறவர்களின் டிஎன்ஏவையும் பதிந்து வைத்திருப்பார்கள்.

சாதாரணமாக டிஎன்ஏ இழையில் 20 இடங்கள் போலத் தேர்ந்தெடுத்து, அங்கே குறுகிய துண்டுகள் எத்தனை முறை திரும்ப வருகின்றன என்று எண்ணுவார்கள். கடைசியில் கையில் இருப்பது ஓர் எண் வரிசை. அதில் பெயரும் இருக்காது, ஊரும் இருக்காது. மேலே மஞ்சள் படிவத்தைப் பற்றிச் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுல யார் ரத்தம் கொடுக்கணும்? அண்ணன் கொடுத்தா போதாதா?

அப்பாவும் அம்மாவும் இருவருமே கொடுத்தால் மிகச் சிறப்பு. காணாமல் போனவருக்குப் பிள்ளைகள் இருந்தால் பிள்ளைகளும், கூடவே பிள்ளைகளின் மற்றப் பெற்றோரும் கொடுக்கலாம். பிள்ளை ஒவ்வொரு பெற்றோரிடமிருந்தும் சரிபாதி வாங்குகிறது, அதனால் கணக்கு வலுவாக நிற்கும். அண்ணன் தம்பிகள் எவ்வளவு பகிர்ந்துகொள்வார்கள் என்பது சீட்டுக் குலுக்கல் மாதிரி, ஒருவர் மட்டும் கொடுத்தால் முடிவு இழுபறியாகவே நிற்கலாம். அவர்கள்தான் இருக்கிறார்கள் என்றால் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேரும் கொடுங்கள். மனைவியின் ரத்தம் மட்டும் உதவாது, அவர்களுக்குள் ரத்த உறவு இல்லை. இப்போதெல்லாம் ரத்தமே தேவையில்லை, கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தடவினாலே போதும். காணாமல் போனவரின் பல் துலக்கும் தூரிகையோ சவரக் கத்தியோ இருந்தால் அவரோடே நேரடியாக ஒப்பிடலாம், அவர் மட்டும்தான் அதைப் பயன்படுத்தினார் என்று உறுதியாகத் தெரிந்தால்.

நெருங்கிய உறவு யாரும் மிஞ்சவில்லையா? தாயிடமிருந்து மட்டும் வருகிற மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ இருக்கிறது. ஒரு செல்லில் நூற்றுக்கணக்கான பிரதிகள் இருப்பதால் மிகப் பழைய எலும்பிலும் கிடைக்கும், அம்மா வழி உறவு எத்தனை தலைமுறை தள்ளியிருந்தாலும் ஒப்பிடலாம். 1485-ல் போரில் இறந்த இங்கிலாந்து அரசர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு 2012-ல் லெஸ்டர் நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்தபோது, அவருடைய சகோதரியின் பெண்வழி வந்தவர்களோடு ஒப்பிட்டுத்தான் உறுதிசெய்தார்கள். இதன் குறை என்னவென்றால், அதே தாய்வழியில் வந்த எல்லோருக்கும் ஒரே வரிசைதான் இருக்கும், ஆளைத் தனியாகப் பிரித்துக் காட்டாது.

அதே ரிச்சர்டின் ஆண்வழி டிஎன்ஏ, ஆண்வழிச் சந்ததி என்று ஏடுகளில் எழுதியிருந்தவர்களோடு பொருந்தவில்லை. இடையில் எங்கோ ஒரு தலைமுறையில் தந்தை வேறு. இது அரச குடும்பங்களில் மட்டும் நடப்பதில்லை. தத்தெடுத்த பிள்ளை, வேறு தந்தைக்குப் பிறந்த பிள்ளை என்று ஏதாவது இருந்தால், மாதிரி எடுக்க வருகிற அதிகாரியிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், வர வேண்டிய உடல் வராமலே போகலாம். மாதிரி எடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: இந்தக் கேள்வியைக் குடும்பத்தாரை எல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு கேட்காதீர்கள்.

எரிஞ்சு போன உடம்புல டிஎன்ஏ கிடைக்குமா? சாம்பல்ல இருந்து எடுக்கலாமா?

உடல் ஒரே சீராக எரிவதில்லை. வெளியே கருகிப்போன உடலுக்குள்ளும் ஆழத்தில் சதையும் எலும்பும் நல்ல நிலையில் இருக்கலாம். எலும்பின் நிறத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம், பழுப்பும் கருப்பும் என்றால் நம்பிக்கை உண்டு, சாம்பல் நிறம் என்றால் சந்தேகம், சுண்ணாம்புபோல வெளுத்துவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. தகன மேடையிலிருந்து வருகிற சாம்பல் இந்தக் கடைசி வகை. கடைவாய்ப் பற்களைக் கன்னமும் நாக்கும் காப்பதால் அவற்றின் வேர்கள் தப்பிப்பிழைக்க வாய்ப்பு அதிகம். 2018-ல் கலிபோர்னியாவின் பாரடைஸ் என்ற ஊரையே அழித்த காட்டுத்தீயில் 85 பேர் இறந்தார்கள், அங்கே சுமார் இரண்டு மணி நேரத்தில் விடை தரும் டிஎன்ஏ கருவிகளைக் கொண்டுபோய்ப் பயன்படுத்தினார்கள்.

தீயைத் தாங்குகிற இன்னொன்று உடலுக்குள் வைத்த உலோகம். செயற்கை இடுப்பு மூட்டிலும் பேஸ்மேக்கரிலும் வரிசை எண் இருக்கும். தயாரித்த நிறுவனத்திடம் கேட்டு, எந்த மருத்துவமனைக்குப் போனது, யாருக்கு வைத்தார்கள் என்றுவரை போகலாம். எலும்பு முறிவுக்கு வைக்கும் தகடு, திருகாணிகளில் பெரும்பாலும் தொகுதி எண்தான் இருக்கும், அதே எண்ணில் நூற்றுக்கணக்கில் செய்திருப்பார்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கொடுக்கிற அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஒரே இடத்துல பல பேரோட எலும்பு கலந்து கிடந்தா என்ன செய்வாங்க?

முதலில் குறைந்தது எத்தனை பேர் என்று எண்ணுவோம். இடது தொடை எலும்பு ஏழு இருந்தால் ஏழு பேருக்குக் குறையாது. பிறகு வயது, அளவு, மூட்டுகள் ஒன்றோடொன்று பொருந்துவது, டிஎன்ஏ எல்லாவற்றையும் பார்த்துச் சேர்ப்போம். 1995-ல் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் சுமார் 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். குற்றத்தை மறைப்பதற்காகப் புதைகுழிகளை இயந்திரங்களால் தோண்டி, உடல்களை வேறு இடங்களுக்கு மாற்றிப் புதைத்தார்கள். அதனால் ஒரே மனிதரின் எலும்புகள் கிலோமீட்டர் கணக்கில் தள்ளியிருந்த வெவ்வேறு குழிகளில் கிடைத்தன. உடையையும் பொருளையும் வைத்து நடந்த முயற்சி அதிக தூரம் போகவில்லை, உறவினர்களிடம் ரத்தம் சேகரித்து டிஎன்ஏ வழியாகப் போனபிறகு கிட்டத்தட்ட 7,000 பேருக்குப் பெயர் கிடைத்தது.

இதில் குடும்பங்கள் எடுக்க வேண்டிய ஒரு கொடிய முடிவு இருக்கிறது. முதலில் ஒரு கை எலும்பு மட்டும் வருகிறது, இப்போதே அடக்கம் செய்வதா, மீதி கிடைக்கும்வரை காத்திருப்பதா? ஒவ்வொரு துண்டு கிடைக்கும்போதும் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? இதற்குச் சரியான பதில் என்று ஒன்று கிடையாது, அந்த வீட்டார் விருப்பம்தான். எழுத்தில் அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவைப்பது மிக முக்கியம். நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் 2001-ல் இறந்த 2,753 பேரில் சுமார் 40 சதவீதத்தினர் இன்னும் அடையாளம் காணப்படவில்லை, கிடைத்த துண்டுகள் 20,000-க்கும் மேல். அந்த வேலையை இன்றுவரை யாரும் மூடிவிடவில்லை, நுட்பம் மேம்பட மேம்பட அதே துண்டுகளைத் திரும்பச் சோதிக்கிறார்கள், ஒன்றிரண்டு பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன.

மண்டை ஓட்டை வச்சு முகம் செய்றாங்களே, அது எவ்வளவு சரியா இருக்கும்?

மண்டை ஓட்டின் குறிப்பிட்ட புள்ளிகளில் சதை சராசரியாக எத்தனை மில்லிமீட்டர் கனம் என்று தெரியும், அதன்மேல் களிமண்ணாலோ கணினியாலோ முகத்தைக் கட்டுவார்கள். காது, உதடு, மூக்கு நுனி, முடி, பருமன் இவற்றையெல்லாம் எலும்பு சரியாகச் சொல்வதில்லை, அங்கே கலைஞரின் ஊகம் நுழைந்துவிடும். யாராவது பார்த்து “இது எங்க பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருக்கே” என்று சொல்ல வைத்தால் அதுவே வெற்றி. அதை அடையாளம் என்று ஏற்க முடியாது.

முகம் கட்டுவதும், இருக்கிற புகைப்படத்தின்மேல் மண்டை ஓட்டுப் படத்தைப் பதித்துப் பார்ப்பதும் வேறுவேறு. 1985-ல் பிரேசிலில் வேறு பெயரில் புதைக்கப்பட்டிருந்த நாஜி மருத்துவர் ஜோசப் மெங்கலேயின் எலும்புகளைத் தோண்டியெடுத்தபோது இந்த இரண்டாவது முறையைத்தான் பயன்படுத்தினார்கள். அப்போதும் சந்தேகம் அடங்கவில்லை, 1992-ல் அவர் மகனின் ரத்தத்தோடு டிஎன்ஏவை ஒப்பிட்ட பிறகுதான் வாதம் முடிந்தது. “இவராக இருக்க முடியாது” என்று விலக்குவதற்குப் படப்பொருத்தம் நல்ல கருவி, “இவர்தான்” என்று சொல்ல அதை மட்டும் நம்பக்கூடாது.

இறந்து எத்தனை வருஷம் ஆச்சுன்னு எலும்பைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

இதில்தான் பெரிய நிபுணர்களும் சறுக்கியிருக்கிறார்கள். 1977-ல் அமெரிக்காவின் டென்னசியில் கிளறப்பட்டிருந்த ஒரு பழைய கல்லறையில் சதை இன்னும் இளஞ்சிவப்பாக இருந்த ஓர் உடல் கிடைத்தது. மானுடவியலாளர் வில்லியம் பாஸ் இறந்து ஒரு வருடத்துக்குள் இருக்கும் என்று கணித்தார். உண்மையில் அது 1864-ல் உள்நாட்டுப் போரில் இறந்த கர்னல் வில்லியம் ஷையின் உடல். பதப்படுத்தி, இறுக்கமான இரும்புப் பெட்டியில் வைத்திருந்ததால் கெடவில்லை. 113 ஆண்டு பிசகு. பாஸ் அதை மறைக்கவில்லை, தானே எல்லா இடத்திலும் சொன்னார். உடல்கள் எப்படிச் சிதைகின்றன என்று திறந்தவெளியில் ஆராய, 1980-களின் தொடக்கத்தில் டென்னசி பல்கலைக்கழகத்தில் அவர் அமைத்த களம் இந்தத் துறையையே மாற்றியது. தவறை வெளியே சொன்ன அந்தத் துணிவுக்காகவே அவரை வணங்கலாம்.

இறந்த ஆண்டு இப்படிச் சறுக்கினாலும், பிறந்த ஆண்டைக் கண்டுபிடிக்க இப்போது அழகான ஒரு வழி இருக்கிறது. 1950-களிலிருந்து 1963 வரை வெட்டவெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கின, பிறகு அது ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வந்தது. பல்லின் எனாமல் ஒருமுறை உருவானால் புதுப்பிக்கப்படுவதில்லை, உருவான ஆண்டின் கார்பனை அப்படியே வைத்திருக்கும். அதை அளந்தால் பிறந்த ஆண்டைச் சில ஆண்டு வித்தியாசத்துக்குள் சொல்லலாம். நடுவயதுக்காரரின் எலும்பு வயதைச் சொல்லத் திணறும் என்றேனே, அங்கே இது கைகொடுக்கிறது.

இரட்டையர்னா டிஎன்ஏ ஒண்ணுதானே? அப்போ?

ஒரே கருவில் உருவான இரட்டையரை வழக்கமான டிஎன்ஏ சோதனை பிரிக்காது. கைரேகை பிரிக்கும், பல் வைத்தியப் பதிவும் பிரிக்கும்.

இதைவிட அடிக்கடி வருகிற சிக்கல், திருமணமாகாத அண்ணனும் தம்பியும் ஒன்றாகக் காணாமல் போவது. பெற்றோரின் டிஎன்ஏவை வைத்து “இவர் இந்தத் தம்பதியின் மகன்” என்று மட்டும்தான் சொல்ல முடியும், எந்த மகன் என்று சொல்லாது. அங்கே பல்லோடு சேர்ந்து, வயது, உயரம், பழைய எலும்பு முறிவு என்று முன்னே இரண்டாம் இடத்தில் வைத்ததெல்லாம் முன்னுக்கு வந்துவிடும். சிறுவயதில் மாமரத்திலிருந்து விழுந்து கை ஒடித்துக்கொண்டது பெரியவனா சின்னவனா என்று அம்மா சொல்கிற ஒரு வரியில் முடிவு நிற்கலாம்.

அவருக்கு எலும்பு மஜ்ஜை மாத்தியிருந்தாங்க. அது குழப்புமா?

குழப்பும். மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு ரத்தத்தில் இருப்பது கொடுத்தவரின் டிஎன்ஏ, கன்னத்தில் தடவி எடுத்ததிலும் அது கலந்துவரும். முடி வேரில் பொதுவாக அவருடையதே இருக்கும். காணாமல் போனவருக்கு நடந்திருந்தாலும், மாதிரி கொடுக்க வருகிற உறவினருக்கு நடந்திருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாதாரணமாக ரத்தம் ஏற்றிக்கொண்டதற்குப் பயப்பட வேண்டாம், எலும்பிலோ பல்லிலோ அதனால் எதுவும் மாறாது.

பொருந்தலைன்னு ரிப்போர்ட் வந்துச்சுன்னா, அது அவர் இல்லைன்னுதானே அர்த்தம்?

அறிக்கையில் உள்ள சொல்லை நிதானமாகப் படியுங்கள். “விலக்கப்படுகிறார்” என்றால் அவர் இல்லை. “முடிவு எட்டப்படவில்லை” என்றால் அவராகவும் இருக்கலாம், தரவு போதவில்லை. இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு நம்பிக்கையை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று விஷயம் கேளுங்கள்: எத்தனை இடங்களில் டிஎன்ஏ படிக்க முடிந்தது, யாருடைய மாதிரியோடு ஒப்பிட்டார்கள், வேறு உறவினர் கொடுத்தால் மாறுமா. ஒரு தம்பி கொடுத்து இழுபறியான வழக்கு, அக்கா ஒருவர் கூடுதலாகக் கொடுத்ததும் தெளிவாகிவிடும்.

பொருந்திவிட்டது என்று வந்தாலும் அது ஒரு நிகழ்தகவுதான். ஸ்ரெப்ரெனிட்சா வேலையைச் செய்த காணாமல் போனோருக்கான சர்வதேச ஆணையம் 99.95 சதவீதத்தைக் குறைந்தபட்ச எல்லையாக வைத்திருந்தது. எத்தனை பேர் காணாமல் போயிருக்கிறார்கள் என்பதும் இந்தக் கணக்கில் சேரும். பத்துப் பேர் போன விபத்தில் போதுமான பொருத்தம், ஆயிரக்கணக்கானோர் போன இடத்தில் போதாமல் போகலாம்.

யாருமே தேடி வராத உடம்பு என்ன ஆகும்?

ரேகை, பல் விவரம், புகைப்படம், டிஎன்ஏ மாதிரி எல்லாம் எடுத்துவைத்து, எண் போட்ட தனிக்குழியில் புதைக்க வேண்டும், எரிக்கக் கூடாது. ஏன் என்று மேலே சாம்பலைப் பற்றிய பதிலில் சொல்லியிருக்கிறேன். அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர் மீது நடந்த தாக்குதலில் 1941-ல் மூழ்கிய ஒக்லஹோமா போர்க்கப்பலில் பெயர் தெரியாமல் புதைக்கப்பட்டவர்களை 2015-ல் தோண்டத் தொடங்கி, 2021-க்குள் 350-க்கும் மேற்பட்டோருக்குப் பெயர் கொடுத்தார்கள். எலும்பு மண்ணில் இருந்ததால்தான் அது முடிந்தது. இன்னொரு புது வழி, வம்சாவளி ஆர்வத்தில் பொதுமக்கள் தாங்களே பதிவேற்றிய டிஎன்ஏ தரவில் தூரத்து உறவைத் தேடி, குடும்ப மரத்தைக் கட்டிக்கொண்டே ஆளை அடைவது. அமெரிக்காவின் ஒகையோவில் 1981-ல் கிடைத்த ஓர் இளம்பெண்ணின் உடலுக்கு 2018-ல் அப்படித்தான் பெயர் கிடைத்தது. அத்தனை ஆண்டும் அவள் அம்மா தேடிக்கொண்டுதான் இருந்தார். தேடுகிறவரும் கிடைத்தவளும் ஒரே பட்டியலில் சந்திக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்க வீட்டுல ஒருத்தர் காணாமப் போய் பல வருஷம் ஆச்சு. இப்போ நாங்க என்ன செய்யலாம்?

காவல்துறையில் புகார் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள், எண்ணை எழுதி வாங்குங்கள். பல் மருத்துவர், எக்ஸ்ரே எடுத்த மருத்துவமனை என்று ஒவ்வோர் இடமாகக் கேளுங்கள், பழைய பதிவுகளைச் சில ஆண்டுகளில் அழித்துவிடுவார்கள். உடம்பில் இருந்த தழும்பு, ஒடிந்த எலும்பு, கட்டிய பல், போட்டிருந்த நகை எல்லாவற்றையும் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள், ஒருவருக்கு நினைவில் இல்லாதது இன்னொருவருக்கு இருக்கும். பல் தெரியச் சிரித்த படங்களை எடுத்துவையுங்கள். துலக்கும் தூரிகை, சீப்பு, தொப்பி ஏதாவது மிச்சமிருந்தால் துவைக்காமல், தனித்தனிக் காகித உறையில், உலர்ந்த இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கும்.

அவருடைய அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருந்தால் இந்த மாதமே டிஎன்ஏ மாதிரி கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். எலும்பு காத்திருக்கும், வயதானவர்கள் காத்திருக்க முடியாது. அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சியின்போது திருடப்பட்ட பேரக்குழந்தைகளைத் தேடிய பாட்டிமார்களுக்கு இது நன்றாகப் புரிந்திருந்தது. தங்கள் ரத்தத்தைப் பாதுகாத்து வைக்க ஒரு தேசிய மரபணு வங்கி வேண்டும் என்று போராடி, 1987-ல் பெற்றார்கள். அவர்களில் பலர் இன்று இல்லை, அவர்கள் கொடுத்துவிட்டுப் போன மாதிரியோடு பேரப்பிள்ளைகள் இப்போதும் பொருந்திக்கொண்டிருக்கிறார்கள். பெற்றோர் இருவரும் ஏற்கெனவே இறந்துவிட்டார்கள் என்றால், மருத்துவமனையில் அவர்களுடைய திசு மாதிரி ஏதாவது மெழுகுக் கட்டியாகப் பாதுகாக்கப்பட்டிருக்கிறதா என்று விசாரியுங்கள். அதுவும் இல்லையென்றால் அம்மாவின் அக்கா தங்கைகளையும் அவர்களுடைய பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்.